எழுத்தாணி நின்ற இடம்

களமும் தொழிலும் – 14

உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியின் மேடையில் இரண்டு நாற்காலிகள்தான் போடப்படுகின்றன. அந்த இரண்டுக்கும் பின்னால் நான்கைந்து பேர் பல மாதங்கள் உழைத்திருப்பார்கள். ஆட்டக்காரர்கள் அவர்களை 'செகண்ட்' என்று அழைக்கிறார்கள்; தமிழில் துணையாட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எதிராளி எந்தத் தொடக்கத்தை ஆடுவார், அதில் எங்கே தடுமாறுவார், அவர் கணக்குப் போடாத நகர்த்தல் எது என்று தேடுவது இவர்கள் வேலை. முன்பெல்லாம் ஆட்டம் முடியாமல் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டால், நின்றுபோன நிலையை இரவெல்லாம் ஆராய்வதும் இவர்கள் பொறுப்பாக இருந்தது. கணினி வந்ததும் ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் வழக்கம் போய்விட்டது. துணையாட்களின் இரவுப் பணி மட்டும் போகவில்லை. ஆட்டக்காரர் தூங்கும்போது அவர்கள் விழித்திருக்கிறார்கள்; காலையில் அவர் எழும்போது மேசைமேல் கோப்பு தயாராக இருக்க வேண்டும்.

விளையாட்டிலிருந்து தொழில் நடத்துபவர்களுக்குப் பாடம் சொல்லும் நூல்களில் பெரும்பாலானவை வெற்றிக் கோப்பையைச் சுற்றியே வருகின்றன. விடாமுயற்சி, வெறி, கடைசிப் பந்து வரை போராட்டம் என்று பக்கங்கள் நிறையும். ஒரு நிறுவனத்தைத் தினமும் திறந்து மூடுகிறவருக்கு அதனால் கிடைப்பது குறைவு. மேடையில் தனியாக உட்காரும் ஒருவர், மேடையில் இல்லாத நால்வரின் மூளையை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது அவருக்கு உடனே உதவும். தமிழ்நாட்டில் இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் விசுவநாதன் ஆனந்தும் ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக்கும் மோதினார்கள். 12 ஆட்டங்கள். ஆனந்துக்குத் துணையாக நால்வர் இருந்தார்கள்: டென்மார்க்கின் பீட்டர் ஹைனே நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ், கொல்கத்தாவின் சூர்யசேகர் கங்குலி, போலந்தின் ராடோஸ்லாவ் வோய்டாஷெக். காசிம்ஜானோவ் 2004-ல் ஃபிடே உலகப் பட்டமே வென்றவர். வோய்டாஷெக்குக்கு அப்போது வயது 21. ஒரு முன்னாள் உலகச் சாம்பியனும், அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்த ஓர் இளைஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பயணம், தங்குமிடம், ஒப்பந்தம், பத்திரிகையாளர்கள் ஆகியவற்றை ஆனந்தின் மனைவி அருணா பார்த்துக்கொண்டார்.

ஆனந்த் அதுவரை வெள்ளைக் காய்களோடு ஆடும்போது பெரும்பாலும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித்தான் தொடங்குவார். உலகத்துக்கே தெரிந்த பழக்கம் அது. கிராம்னிக்கின் குழு மாதக்கணக்கில் அதற்கே தயாராகி வந்திருந்தது. பானில் ஆனந்த் ராணியின் முன்னுள்ள சிப்பாயைத் தள்ளினார். எதிர்முகாமின் உழைப்பில் பெரும்பகுதி அந்த ஒரு நகர்த்தலில் செல்லாக்காசானது. 40 வயதை நெருங்கும் ஒருவர், வாழ்நாள் முழுக்கக் கைவந்த ஆட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, எதிராளி கரைகண்ட துறையில் போய் இறங்குவது சின்ன முடிவில்லை. தனி ஒருவரால் சில மாதங்களில் அவ்வளவு புதிய தொடக்க ஆட்டங்களைக் கற்றுத் தேற முடியாது. நால்வர் பிரித்து உழைத்து, ஒருவர் கண்டதை மற்றவர் உடைத்துப் பார்த்து, தேறியதை மட்டும் அவர் கையில் கொடுத்ததால்தான் முடிந்தது.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 3-வது ஆட்டத்திலும் 5-வது ஆட்டத்திலும் கறுப்புக் காய்களோடு ஆனந்த் வென்றார். இரண்டிலும் ஒரே தொடக்க வகை. முதல் அடி வாங்கிய பிறகும் கிராம்னிக் அதே பாதையில் திரும்பி வந்தார்; மறுமருந்து கண்டுபிடித்துவிட்டதாக அவர் முகாம் நினைத்திருக்க வேண்டும். 6-வது ஆட்டத்தையும் ஆனந்த் வென்றபோது கணக்கு 4.5 – 1.5. பிறகு 10-வது ஆட்டத்தில் ஒரு தோல்வி வந்தாலும், 11-வது ஆட்டத்தோடு 6.5 – 4.5 என்று போட்டி முடிந்துவிட்டது. 12-வது ஆட்டம் தேவைப்படவில்லை.

ஆள் எண்ணிக்கையால் வந்த வெற்றி என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 1995-ல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் கேரி காஸ்பரோவை எதிர்த்தபோதும் ஆனந்துக்குத் துணையாட்கள் நால்வர் இருந்தார்கள். எல்லாருமே பெயர் பெற்ற கிராண்ட்மாஸ்டர்கள். முதல் 8 ஆட்டங்கள் டிரா. 9-வதை ஆனந்த் வென்றார். அடுத்த 5 ஆட்டங்களில் 4-ல் தோற்றார். 10-வது ஆட்டத்தில் காஸ்பரோவ் வீட்டிலிருந்தே தயாரித்துக் கொண்டுவந்த ஒரு யானைப் பலி அவரை உலுக்கியது. அந்த அடியிலிருந்து எழுவதற்குள் போட்டி கைவிட்டுப் போனது. ஆட்டக்காரருக்கும் துணையாட்களுக்கும் நடுவே ஒரு முறை உருவாகிப் பழகக் காலம் பிடிக்கிறது என்பதையே 1995-க்கும் 2008-க்கும் இடையிலான 13 ஆண்டுகள் காட்டுகின்றன.

அந்த முறையின் மையத்தில் இருப்பது மறுப்பு. தலைவரின் யோசனையை ஆமோதிப்பதற்காகத் துணையாளுக்குச் சம்பளம் கிடையாது. அந்த யோசனையை உடைத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. ஆனந்த் ஒரு புதிய நகர்த்தலைச் சொன்னால், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அதைத் தகர்க்க முயல வேண்டும். இரவு முழுக்க முயன்றும் தகர்க்க முடியாவிட்டால் அது மேடைக்குப் போகும். தகர்ந்துவிட்டால், தலைவருக்கு அது எவ்வளவு பிடித்திருந்தாலும் குப்பைக்குப் போகும். மேடையில் எதிராளி அதைத் தகர்ப்பதைவிட அறைக்குள் நண்பர் தகர்ப்பது மலிவு.

மறுக்கும் துணைக்குத் தமிழ் மரபில் எடுப்பான உதாரணம் கூரத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள இந்தச் சிற்றூர் ஏழாம் நூற்றாண்டிலேயே பல்லவர் செப்பேட்டில் இடம்பெற்றது. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் சிவன் கோயிலும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் இங்கே உள்ளன. வைணவர்களுக்கு இது கூரத்தாழ்வான் பிறந்த ஊர். ஸ்ரீவத்சாங்க மிஸ்ரர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. பெரும் செல்வர், அன்னதானத்துக்குப் பேர்போனவர். அத்தனையையும் விட்டுவிட்டு மனைவி ஆண்டாளோடு திருவரங்கம் போய் இராமானுசரிடம் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் செய்த வேலை முழுக்க முழுக்கத் துணையாளின் வேலை.

குருபரம்பரை நூல்கள் இரண்டு சம்பவங்களைச் சொல்கின்றன. பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுத இராமானுசருக்குப் போதாயன விருத்தி என்ற பழைய நூல் தேவைப்பட்டது. அது காஷ்மீரத்தில் இருந்தது. இருவரும் அங்கே போய்ப் பெற்றுக்கொண்டு திரும்பும் வழியில், நூலுக்கு உரியவர்கள் துரத்தி வந்து பிடுங்கிச் சென்றுவிட்டார்கள். இராமானுசர் கலங்கி நின்றபோது, வழியில் அவர் உறங்கிய இரவுகளில் தாம் அதைப் படித்து மனத்தில் ஏற்றிவிட்டதாக ஆழ்வான் தெரிவித்தார். தலைவர் தூங்கும்போது கோப்பு தயாராகும் வழக்கம் பானில் தொடங்கியதில்லை.

இரண்டாவது சம்பவம் இன்னும் ஆழமானது. திருவரங்கத்தில் இராமானுசர் சொல்லச் சொல்ல ஆழ்வான் எழுதினார். இருவருக்கும் நடுவே ஓர் ஏற்பாடு இருந்தது: சொல்லப்படுவது ஆழ்வானுக்கு உடன்பாடில்லை என்றால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். வாதம் செய்ய வேண்டாம், விளக்கம் தர வேண்டாம், கை நின்றால் போதும். உயிரின் இயல்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அறியும் தன்மையை மட்டும் இராமானுசர் கூறினார். இறைவனுக்கு அடிமையாக இருக்கும் தன்மையைச் சொல்லவில்லை. எழுத்தாணி நின்றது. மேலே எழுதும்படி வற்புறுத்தியும் ஆழ்வான் எழுதவில்லை. இராமானுசருக்குக் கடுங்கோபம் வந்தது என்றும், சீடரைக் கடிந்து தள்ளிவிட்டார் என்றும் அந்த நூல்களே மறைக்காமல் சொல்கின்றன. பிறகு தனியே இருந்து யோசித்தார். ஆழ்வான் நிறுத்தியது சரிதான் என்று தெரிந்து அழைத்துவரச் செய்து, திருத்திச் சொன்னார். ஸ்ரீபாஷ்யம் தொடர்ந்தது.

மேலாண்மை நோக்கில் இந்தச் சம்பவத்தில் கவனிக்க நான்கைந்து செய்திகள் உண்டு. இரண்டைச் சொன்னால் போதும். முதலாவது, நிறுத்தும் உரிமையை வேலை தொடங்கும் முன்பே தலைவர் வாய்விட்டுக் கொடுத்துவிட்டார். எல்லா அலுவலகங்களிலும் 'தவறு என்றால் தாராளமாகச் சொல்லுங்கள்' என்ற வாசகம் உண்டு. எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது, சொன்னால் வேலை நிற்குமா நிற்காதா என்பது எங்கும் வரையறுக்கப்பட்டிருப்பதில்லை. இங்கே வரையறை இருந்தது. இரண்டாவது, உரிமையைக் கொடுத்தவருக்கே அது பயன்படுத்தப்பட்டபோது கோபம் வந்தது. அவ்வளவு பெரிய ஆசாரியருக்கே வந்தது என்றால், மாத இலக்கின் நெருக்கடியில் இருக்கும் மேலாளருக்கு வராமல் இருக்காது. கோபம் வராத தலைவரைத் தேடுவது வீண். கோபம் தணிந்த பிறகு திரும்பிப் போய்த் திருத்துகிறாரா என்று பார்த்தால் போதும்.

இதே ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைக்குள் வந்தது. வந்த வழி நெசவாளர் ஊருக்குச் சுவையான செய்தி. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் தானியங்கித் தறிகளை உருவாக்கினார். பாவில் ஓர் இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அறுந்த இழையோடு ஓடி, கெட்ட துணியை மேலும் மேலும் நெய்துகொண்டே போவதைவிட நிற்பது லாபம் என்பது அவர் கணக்கு. 1924-ல் வந்த அவருடைய தறியின் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929-ல் விலைக்கு வாங்கியது. குடும்பத்தின் அடுத்த தலைமுறை மோட்டார் வாகனத்துக்குப் போனது. 1937-ல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தோன்றியது. தறியில் இருந்த கொள்கை கார் தொழிற்சாலைக்கும் வந்தது. வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் தலைக்கு மேலே உள்ள கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். குறிப்பிட்ட நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998-ல் ஜப்பானின் டெமிங் விருதை வென்றபோது, அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. கீழ்நிலைத் தொழிலாளியின் கண்ணையும் யோசனையையும் தரத்தின் அடிப்படையாக வைக்கும் முறைக்குக் கிடைத்த விருது அது. இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூரைச் சுற்றி இன்று கார்களும் செல்பேசிகளும் செய்யும் ஆலைகள் நிறைந்திருக்கின்றன. காஞ்சிபுரம் வட்டாரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே பணிமுறை மாற்றி மாற்றிப் போய்வருகிறார்கள்.

அதே பிள்ளைகளின் வீட்டுத் தறியில் இந்த உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. காஞ்சிபுரம் பட்டில் கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. தறியில் உட்கார்ந்திருப்பவர் தம் பக்கத்துக் கரை நாடாவையும் உடல் நாடாவையும் பார்த்துக்கொள்வார். மறுபக்கத்துக் கரை நாடாவை வீசித்தர இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பழகுகிற பையனோதான். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒவ்வொரு வீச்சிலும் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அந்த இடத்தில் கரை விலகும். அந்த விலகலை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும் துணையாள்தான். நடுவில் இருப்பவரின் கண் உடலின் மேலும் பூ வேலைமேலும் இருக்கும்.

சாயமும் இப்படித்தான். பாதிச் சேலையில் ஒரு கட்டு நூல் தீர்ந்து அடுத்த கட்டைத் தாரில் சுற்றும்போது, அரக்கு நிறம் கொஞ்சம் கூடியோ மங்கியோ இருப்பது சுற்றுகிற கைக்கு முதலில் தெரியும். அங்கேயே சொன்னால் நூலை மாற்றிவிடலாம். சொல்லாமல் விட்டால், சேலையைப் பிரித்து வெயிலில் காட்டும்போது குறுக்கே ஒரு பட்டை தெரியும். பின் ஏன் சொல்வதில்லை? குறை கண்டால் கூலியில் பிடித்தம் என்ற ஏற்பாடு உள்ள இடத்தில், நூலை மாற்றக் காத்திருக்கும் நாளுக்கும் கூலி இல்லை. பிடித்தமும் இழப்பு, காத்திருப்பதும் இழப்பு. முதலாளிக்குத் தெரியாமலே போகட்டும் என்று நெய்துவிடுவதில்தான் கொஞ்சமாவது நம்பிக்கை. பயமுள்ள தறியில் குறை குறைவதில்லை. குறையைப் பற்றிய செய்திதான் குறைகிறது. காத்திருந்த நாளுக்குப் பாதிக் கூலி கொடுத்துப் பார்க்கும் முதலாளிக்கு, அந்தப் பாதிக் கூலி ஒரு சேலையின் விலையோடு ஒப்பிட்டால் எவ்வளவு சிறியது என்று தானே விளங்கும்.

நிறுத்தச் சொன்னவர்களை மீறிப் போனதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்துக்கான உந்துகலன்களைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்துப் பொறியாளர்கள், கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். நிறுவனத்தின் மேலாளர்கள் முதலில் அதை ஏற்று, பிறகு நெருக்கடிக்கு இணங்கி மாற்றிச் சொன்னார்கள். மறுநாள் காலை ஏவிய 73 விநாடிகளில் கலம் சிதறியது, எழுவர் இறந்தனர். அங்கே கேட்கப் பேச்சு இருந்தது, காட்ட ஆவணம் இருந்தது. நிறுத்தும் அதிகாரம்தான் பொறியாளர்கள் கையில் இல்லை.

துணையாட்கள் எவ்வளவு திறமையாக இருந்தாலும் மேடையில் கை வைப்பவர் ஒருவரே. பிழையும் அவர் பெயரில்தான் எழுதப்படும். 2010-ல் பல்கேரியாவின் சோஃபியாவில் வெசலின் டோபலோவை ஆனந்த் சந்தித்தார். அதற்குச் சில நாள் முன்பு ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பலால் ஐரோப்பிய வான்வழி மூடப்பட்டது. ஃபிராங்க்ஃபர்ட்டில் மாட்டிக்கொண்ட ஆனந்த் மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாள் கிடைத்தது. வேனில் ஏறி ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியா வழியாகச் சுமார் 40 மணி நேரம் பயணம் செய்து சோஃபியா போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில், தயாரித்து வைத்திருந்த வரிசையையே நினைவில் குழப்பிக்கொண்டு 30 நகர்த்தல்களில் தோற்றார். துணையாட்கள் தந்த கோப்பில் பிழை இல்லை. பிழை அவர் நினைவில். மறுநாளே 2-வது ஆட்டத்தை வென்றார். 11 ஆட்டங்கள் முடிந்தபோது கணக்கு சமம். 12-வது ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடு, நூறாண்டுக்கு மேற்பட்ட லாஸ்கர் தற்காப்பை ஆடி வென்று 6.5 – 5.5 என்று பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

போட்டி முடிந்த பிறகு அவர் சொன்ன செய்திதான் சதுரங்க உலகை வியக்க வைத்தது. அந்தப் போட்டிக்காகக் காஸ்பரோவ், கிராம்னிக், மாக்னஸ் கார்ல்சன் மூவரும் அவருக்கு உதவியிருந்தார்கள். 1995-ல் அவரைத் தோற்கடித்தவர் ஒருவர். 2008-ல் அவரிடம் தோற்றவர் ஒருவர். 2013-ல் அவர் பட்டத்தைப் பறிக்கப்போகிறவர் ஒருவர். வென்றபோது எக்காளமிடாமலும் தோற்றபோது குற்றம் சாட்டாமலும் இருந்தவருக்குத்தான் பழைய எதிரிகள் இப்படித் தொலைபேசியை எடுக்கிறார்கள். ஒரே தெருவில் எதிரெதிரே கடை வைத்திருப்பவர்கள், ஜரிகை விலையோ வரியோ இருவரையும் சேர்ந்து தாக்கும்போது, ஒருவரையொருவர் கூப்பிடும் நிலையில் இருக்கிறார்களா என்பது வியாபாரச் சங்கங்களில் உள்ளவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்தும் உண்டு. எல்லா ரகசியமும் அறிந்த துணையாள் ஒருநாள் வேறு முகாமுக்குப் போகலாம். மூன்று பட்டப் போட்டிகளில் ஆனந்தோடு இருந்த நீல்சன், பிறகு கார்ல்சனோடு வேலை செய்யத் தொடங்கினார். 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதியபோது அவர் இரு பக்கமும் சேராமல் ஒதுங்கி இருந்தார்; அதற்கு முன்கூட்டியே உடன்பாடு இருந்தது. நம் நாட்டுத் தொழில்களில் முக்கிய ஊழியர் போட்டியாளரிடம் போனால் நடப்பது பெரும்பாலும் வேறு: வசை, வழக்கு, கடைசி மாதச் சம்பளம் நிறுத்தம். பிரிவதற்கான விதியைச் சேரும் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

சென்னையில் ஆனந்த் 3.5 – 6.5 என்று தோற்றார். சொந்த ஊரின் சுமை, 22 வயதை முடித்து 23-ஐத் தொடவிருந்த எதிராளியின் உடல்பலம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. வலுவான காரணம் வேறு. பானில் ஆயுதமாக இருந்த தயாரிப்பு, சென்னையில் பாதி மழுங்கிவிட்டது. எல்லார் கையிலும் அதே வலிமையுள்ள கணினி வந்திருந்தது. தொடக்கத்தில் மோதலைத் தவிர்த்து, சாதாரணமாகத் தெரியும் நிலைகளுக்குப் போய், நான்கைந்து மணி நேரம் சலிக்காமல் அழுத்தி எதிராளியைப் பிழை செய்ய வைப்பது கார்ல்சனின் வழி. அதற்கு முன் எந்தக் கோப்பும் உதவவில்லை. ஒரு முறை வெற்றி தந்த உத்தி தன் காலம் முடிந்ததைத் தானாக அறிவிப்பதில்லை. அதைச் சொல்வதும் துணையாட்கள் வேலைதான். அது எழுத்தாணியை நிறுத்துவதைவிடக் கடினம். ஆனந்த் அடுத்த ஆண்டே காந்தி-மான்சிஸ்கில் நடந்த தகுதிப் போட்டியை வென்று, மறுபடி கார்ல்சனுக்கு எதிரே உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சோச்சியில் நடந்த அந்தப் போட்டியில் அவருக்குத் துணையாக இருந்தவர்களில் ஒருவர் போலந்தின் கிரெகோஷ் காயெவ்ஸ்கி.

அந்தக் காயெவ்ஸ்கி பத்தாண்டு கழித்து, உலகப் பட்டத்துக்கு மோதிய சென்னையின் டி. குகேஷுக்குத் தலைமைப் பயிற்சியாளராக சிங்கப்பூரில் இருந்தார். 2008-ல் 21 வயதில் பானுக்குப் போன வோய்டாஷெக்கும் அந்தக் குழுவில் இருந்தார். பென்டலா ஹரிகிருஷ்ணா, ஜெர்மனியின் வின்சென்ட் கைமர், போலந்தின் டுடா, கிளிம்கோவ்ஸ்கி ஆகியோரும் சேர்ந்திருந்தார்கள். கைமர் குகேஷைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவர். வேறு போட்டிகளில் குகேஷுக்கு எதிராளி. சிறு வயதில் குகேஷுக்குக் கற்றுத்தந்த விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அவரைக் கணினி ஆய்வின் பக்கமே விடவில்லை. சொந்தமாகக் கணக்குப் போடப் பழகிய பிறகே கருவி. ஒருவர் விதைத்ததை இன்னொருவர் வளர்க்கும் இந்தத் தொடர்ச்சி, 2020-ல் ஆனந்த் வழிகாட்ட வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் சதுரங்க அகாடமி தொடங்கியபோது ஓர் அமைப்பாகவும் ஆனது.

2024 நவம்பர் 25-ல் சிங்கப்பூரில் தொடங்கிய போட்டியின் முதல் ஆட்டத்திலேயே, வெள்ளைக் காய்களோடு, குகேஷ் சீனாவின் டிங் லிரெனிடம் தோற்றார். 3-வதில் வென்று சமன் செய்தார். 11-வதில் வென்று முன்னே போனார். மறுநாள் 12-வதில் தோற்று மறுபடி சமம். 18 வயதில் இப்படி ஏறி இறங்கினால் தூக்கம் கெடும். அவர் குழுவில் சதுரங்கக்காரர் அல்லாத ஒருவரும் இருந்தது அதற்காகத்தான்: 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு பணியாற்றிய மனப் பயிற்சியாளர் பேடி அப்டன். டிசம்பர் 12-ல் 14-வது ஆட்டத்தில் டிங் ஒரு யானையைத் தவறாக நகர்த்த, குகேஷ் 7.5 – 6.5 என்று வென்று மிக இளைய உலகச் சாம்பியன் ஆனார்.

சம்பளம் கொடுத்துத் துணையாட்கள் வைத்துக்கொள்ள எல்லாராலும் முடியாது. தனியாகக் கடை நடத்துபவருக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கும், தொழில் மாறலாமா என்று யோசிப்பவருக்கும் ஒரே ஓர் ஆள் போதும். அவர் தம்மைவிடப் பெரியவராக இருக்க வேண்டியதில்லை. இந்த முடிவால் லாபமோ நட்டமோ அடையாதவராக இருந்தால் நல்லது. அவரிடம் 'என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்டால் மரியாதைக்கு நல்லதாகவே சொல்வார். 'இது எங்கே உடையும்' என்று கேட்டால் வேறு பதில் வரும். குடும்பத்துக்குள் கேட்டால் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பது அரிது. அன்பும் பயமும் கலந்து வரும்.

சதுரங்கத்தை அப்படியே தொழிலுக்குப் பொருத்தவும் கூடாது. பலகையில் எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரியும். விதி நடுவில் மாறாது. ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றாக வேண்டும். தொழிலில் போட்டியாளரின் கணக்குப் புத்தகம் கண்ணுக்குத் தெரியாது; பட்டு விலையும் வரி விகிதமும் ஆட்டத்தின் நடுவே மாறும்; இரண்டு கடையும் சேர்ந்து வாழலாம், சேர்ந்து மூடவும் செய்யலாம். வாடிக்கையாளரை எதிராளியாக நினைத்து நகர்த்துபவர் சீக்கிரமே காலி நாற்காலிக்கு எதிரே உட்கார நேரும். பொருந்துவது தயாரிப்பும் துணையும் மட்டும்தான்.

கூரத்தாழ்வானின் வாழ்க்கையிலும் பொருத்தக் கூடாத பகுதி ஒன்று உண்டு. சோழ மன்னனின் ஆட்கள் இராமானுசரைத் தேடி வந்தபோது, ஆழ்வான் அவருடைய காவி உடையை அணிந்து அவராகவே அரசவைக்குப் போனார் என்றும், அங்கே கண்களை இழந்தார் என்றும் மரபு சொல்கிறது. பக்தியில் அது தியாகம். நிறுவனத்தில் அதற்கு ஈடாக எதையும் ஊழியரிடம் எதிர்பார்க்க முதலாளிக்கு உரிமை இல்லை. தலைவர் செய்த பிழைக்குக் கீழே இருப்பவர் பெயரைக் கொடுக்கும் வழக்கம் அலுவலகங்களில் சர்வசாதாரணம்; ஆழ்வான் கதையை அதற்குச் சாட்சிக்கு அழைப்பது அநியாயம்.

ஊழியருக்குச் சேர வேண்டியது பெயர். 2013-ல் சென்னையில் போட்டி தொடங்கும் முன்பே ஆனந்த் தம் துணையாட்களின் பெயர்களைப் பத்திரிகையாளர்களிடம் வெளியிட்டார். கிருஷ்ணன் சசிகிரண் அவர்களில் ஒருவர். குகேஷ் வென்ற பிறகு தம் குழுவினரைப் பெயர் பெயராகச் சொன்னார். காஞ்சிபுரத்துக் கடைகளில் சேலையோடு வரும் அட்டையில் கடையின் பெயர், பட்டு முத்திரை, விலை எல்லாம் இருக்கும். நெய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. நெய்தவர் பெயரையும் மறுபக்கத்துக் கரை நாடாவை வீசியவர் பெயரையும் அதே அட்டையில் இரண்டு வரியாகச் சேர்க்க அச்சுக்கூலி கூடப் பெரிதாகக் கூடாது. கூட்டுறவுச் சங்கங்களும் கடைக்காரர்களும் வருகிற தீபாவளி விற்பனையிலேயே இதைத் தொடங்கலாம்.

(தொடரும்)